இடைக்காலக் கோள் படங்களைத் தப்பாகப் படிக்காதீர்கள்

நடுவில் பூமி. சுற்றிலும் சந்திரன், புதன், சுக்கிரன், சூரியன், செவ்வாய், வியாழன், சனி என்று சம இடைவெளியில் ஏழு வட்டங்கள். ஐரோப்பிய இடைக்காலச் சுவடிகளில் இந்தப் படத்தைப் பார்த்ததும், "கோள்களுக்கு நடுவே தூரம் ஒரே அளவு என்று நம்பியிருக்கிறார்கள்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்தப் படம் வரிசையைச் சொல்வதற்காகப் போட்டது. தூரம் அதன் பேச்சே இல்லை. ஜாதகக் கட்டம் சதுரமாக இருப்பதால் வானமும் சதுரம் என்றா நினைக்கிறோம்? எந்தக் கேள்விக்காக வரைந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது இன்னொரு தவறு. கோள்கள் வானத்தில் எவ்வளவு மேலும் கீழும் அலைகின்றன என்று ரோமானியரான பிளினி 1ஆம் நூற்றாண்டில் எழுதிய கணக்கை, 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு ஐரோப்பாவை ஆண்ட சார்லமேன் பேரரசின் அறிஞர்கள் படமாக்கினார்கள். கோள்கள் உலவும் வானப் பட்டையான ராசி மண்டலத்தின் அகலம் 12 பாகம் (டிகிரி). சந்திரன் அந்த அகலம் முழுக்க அலையும். சுக்கிரன் அதையும் தாண்டி 2 பாகம் போகும். புதனுக்கு 8, செவ்வாய்க்கு 4. சூரியனோ நடுவிலுள்ள 2 பாகத்துக்குள் பாம்புபோல் நெளியும். முதலில் இதை வட்டமாக வரைந்தார்கள். பிறகு குறுக்கே 30 பிரிவுகள் கொண்ட கட்டங்களில், ஏறி இறங்கும் கோடுகளாகப் போட்டார்கள். அப்படி ஒன்று இன்று மியூனிக்கில் இருக்கிறது.

அதை இன்றைய கிராஃப் என்று நினைத்து, கிடைக்கோட்டைக் காலமாகப் படிப்பவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் கணக்கு இடிக்கும். ஒரு சுற்றுக்குச் சந்திரனுக்கு 27 நாள் சொச்சம், சனிக்கு ஏறத்தாழ 29 ஆண்டுகள்; ஒரே அளவுகோலில் இரண்டும் அடங்காது. எந்தக் கோள் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே போகிறது என்பதுதான் அங்கே விஷயம். வானத்தைச் சுற்றிக் கிடக்கும் பட்டையை அறுத்துத் தாளில் நீட்டி விரித்தார்களே, அந்த யோசனையைத்தான் வியக்க வேண்டும்.

புதனும் சுக்கிரனும் சூரியனைச் சுற்றும் படங்களும் உண்டு; 5ஆம் நூற்றாண்டின் மார்சியானஸ் கபெல்லா சொன்னது அது. உடனே "சூரிய மையக் கொள்கை அப்போதே வந்துவிட்டது" என்று சொல்லிவிடக் கூடாது. அந்தச் சூரியனும் பூமியைத்தான் சுற்றுகிறது.

கடைசியாக, அசைவைக் காட்டும் படத்தை அசையாத படமாகப் பார்ப்பது. இன்றைய ஈரானிலுள்ள மராகா வானாய்வகத்தை நடத்திய நசீருத்தீன் துசி, 1261இல் முடித்த நூலில், ஒரு வட்டத்துக்குள் அதில் பாதி விட்டமுள்ள இன்னொரு வட்டத்தை உருட்டினார். சுவடியில் அது பல வட்டங்களாகத் தெரியும். உண்மையில் ஒரே இணையின் வெவ்வேறு நிலைகள் அவை. வெறும் கண்ணால் பார்த்தால் பிடிபடாது. அட்டையில் 10 செ.மீ. அகலத்தில் வட்டத் துளை வெட்டி, 5 செ.மீ. அகல வட்டு ஒன்றை வழுக்காமல் உள்விளிம்போடு உருட்டுங்கள். வட்டின் ஓரத்தில் வைத்த புள்ளி வளையவே வளையாது. துளையின் குறுக்கே நேர்கோட்டில் போய்த் திரும்பி வரும்.