ஆப் நல்லாத்தான் இருக்கு, உள்ள ஏத்துற சரக்குதான்… ஆன்லைன் படிப்புல மாற்றுத்திறனாளிகளுக்கு நாம பண்ணிக்கிட்டிருக்கிற தப்புகள்

நான் பாண்டில ஒரு சின்ன கம்பெனில டெஸ்டிங் வேலை பாக்குறேன், லெர்னிங் ஆப், ஆன்லைன் எக்ஸாம் மாதிரி விஷயங்கதான் நம்ம பொழப்பு. வீடு கடலூர். மஞ்சக்குப்பம் பக்கம் டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிற பார்வை இல்லாத அண்ணனுங்க சில பேர் பழக்கம், அவங்க போன்ல டாக்பேக் (ஸ்கிரீன்ல இருக்கிறத குரல்ல படிச்சுச் சொல்ற ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் ரீடர்) ஓடுறத பக்கத்துல உக்காந்து கேட்டாலே நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்க "ஆக்சசிபிலிட்டி எல்லாம் பண்ணியாச்சு சார்"னு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் யூஸ் பண்ற மாதிரி ஆக்கியாச்சுன்னு, சொல்றதுல எவ்வளவு காத்துன்னு புரிஞ்சிடும். எல்லாரும் இது டெவலப்பர் வேலைன்னு நெனைக்கிறாங்க, பாதிதான் அது, மீதி பாதிய கெடுக்கிறது பாடம் ஏத்துற வாத்தியாரும் டைப் அடிச்சுக் கொடுக்கிற டிடிபி சென்டரும் எக்ஸாம் செல்லும்தான். அதனால கோடுல ஆரம்பிக்காம சரக்குல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் தப்பு, நம்ம ஊருக்கே உரிய தப்பு, பாமினி ஃபாண்ட். நோட்ஸ் பாக்க அழகா இருக்கும், கண்ணு தெரிஞ்சவங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனா ஃபைலுக்குள்ள அது தமிழே கிடையாது. "தமிழ்"னு அடிச்சிருந்தா உள்ள இருக்கிறது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன், அவ்வளவுதான், அந்த இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் வேஷம் கட்டிவிடுற வேலையத்தான் ஃபாண்ட் பண்ணுது. ஸ்கிரீன் ரீடர் வேஷத்த பாக்காது, உள்ள இருக்கிறதத்தான் படிக்கும், அதனால சங்க இலக்கிய நோட்ஸ தொறந்தா ஜே கே பி ஓன்னு ஒரு பக்கம் முழுக்க உளறிக்கிட்டே போகும். தமிழ்நாடு அரசு யூனிகோட 2010-லயே தர நிர்ணயமா அறிவிச்சாச்சு, இன்னமும் வானவில், பாமினின்னு அடிச்சுக் கொடுக்கிற கடைங்க இருக்கத்தான் செய்யுது, பழைய மேட்டரா இருக்கும், அதையே திரும்பத் திரும்ப அப்லோட் பண்ணுவாங்க.

செக் பண்றது ரொம்ப ஈசி. பிடிஎஃப்ல ஒரு வரிய செலக்ட் பண்ணி வாட்ஸ்அப்ல பேஸ்ட் பண்ணிப் பாருங்க. அங்க இங்கிலீஷ் எழுத்தா கொட்டுச்சுன்னா பழைய ஃபாண்ட், என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஏதாவதுல போட்டு மாத்திடலாம். செலக்டே ஆகலன்னா அது வெறும் போட்டோ, ஸ்கேன் பண்ணது, ஓசிஆர் (போட்டோல இருக்கிறத எழுத்தா மாத்துற சாஃப்ட்வேர்) போட்டு மனுஷன் ஒருத்தர் உக்காந்து பிழை திருத்தணும், வேற வழி இல்ல. மூணாவது ஒண்ணு இருக்கு, அதத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. யூனிகோட்லதான் அடிச்சிருப்பாங்க, ஆனா பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிப் போயிருக்கும், "கொ"ங்கிறது பிச்சு பிச்சு வரும், படிக்கிற குரல் திக்கித் திக்கி நிக்கும். அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, பிடிஎஃப் பிரிண்ட் எடுக்கிறதுக்கு வச்சுக்கோங்க, கூடவே அந்த வேர்டு ஃபைலயோ வெப் பேஜாவோ போட்டுடுங்க. ஏற்கனவே உங்ககிட்ட இருக்கிற ஃபைல்தானே, ஏத்துறதுக்கு என்ன கேடு.

இதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு தப்பு, கையால எழுதின நோட்ஸ போட்டோ எடுத்து குரூப்ல தட்டி விடுறது. அதப் பத்தி அதிகமா சொல்ல ஒண்ணுமில்ல, பண்ணாதீங்க.

வீடியோ கிளாஸ்ல வாத்தியாருங்க வாயில சதா வர்றது "இங்க பாருங்க, இத இங்க கொண்டு போனா இது வந்துடும், சரியா?" கேக்குறவனுக்கு எது எங்க போச்சு, எது வந்துச்சு, ஒண்ணும் விளங்காது. "மைனஸ் 5-அ சமக்குறிக்கு அந்தப் பக்கம் கொண்டு போனா பிளஸ் 5 ஆயிடும்"னு வாயால சொல்லிட்டா முடிஞ்சுது, இதுக்கு சாஃப்ட்வேரும் வேணாம் பட்ஜெட்டும் வேணாம். கணக்கு சமன்பாட்ட படமா ஒட்டுறதும் இதே ரகம்தான், மேத்எம்எல்-ஆ, அதாவது கணக்கு எழுதுறதுக்குன்னே இருக்கிற கோடா போட்டா, என்விடிஏங்கிற கம்ப்யூட்டர் ஸ்கிரீன் ரீடர்ல மேத்கேட் வச்சு பின்னம், அடுக்கு எல்லாம் தனித்தனியா கேக்கலாம், படமா போட்டா "கிராஃபிக்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு தாண்டிடும். ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துக்குப் பதிலா ஸ்கிரீன் ரீடர் படிக்கிற விளக்கம், எழுதுறேன்னு "படம் 3"ன்னு எழுதி வைக்கிறாங்க பாருங்க, அது எழுதாததுக்கு சமம். கெடிலம் ஆத்து வடிநில மேப் போட்டிருந்தீங்கன்னா அந்தப் பாடத்துக்கு அந்த மேப்ல இருந்து பையன் என்ன தெரிஞ்சுக்கணுமோ அத ரெண்டு வரில எழுதுங்க, எந்தப் பக்கம் கலர் எந்தப் பக்கம் பார்டர்னு வர்ணிக்க வேணாம்.

காது கேக்காதவங்க விஷயத்துல ஆட்டோ கேப்ஷன, பேசுறத தானா எழுத்தா வீடியோ கீழ ஓட்டுற வசதிய, ஆன் பண்ணிட்டா கடமை முடிஞ்சுதுன்னு ஒரு நெனப்பு. தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுற நம்ம கிளாஸ் தமிழுக்கு ஆட்டோ கேப்ஷன் குடுக்கிற அர்த்தம் சில நேரம் காமெடி, பரீட்சைக்குப் படிக்கிறவனுக்கு அது காமெடி இல்ல. யாராவது ஒருத்தர் திருத்தியே ஆகணும். இன்னொண்ணு, சைகை மொழிலயே வளர்ந்த பசங்களுக்கு எழுத்துத் தமிழ் ரெண்டாவது மொழி மாதிரி, அதனால கேப்ஷன் இருந்தாலும் நீளநீளமான வாக்கியத்துல மாட்டிக்குவாங்க. இந்திய சைகை மொழிக்குன்னே டெல்லில 2015-லருந்து ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கு, மத்திய அரசோட கல்வித் திட்டம் பிஎம் இ-வித்யாவுல சைகை மொழிக்குன்னு தனி டிவி சேனலே இருக்கு, நம்ம ஆப்புங்கள்ல மட்டும் மூலைல ஒரு சின்னக் கட்டத்துக்கு எடமில்லங்கிறாங்க. திருத்தின கேப்ஷன அப்படியே டெக்ஸ்ட் ஃபைலாவும் போட்டு வச்சா இன்னொரு லாபம் இருக்கு. 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயல் பாண்டி கிட்ட கரைய கடந்தப்போ கரண்டும் நெட்டும் இருந்த லட்சணம் நம்ம ரெண்டு ஊருக்குமே தெரியும், அந்த மாதிரி நேரத்துல முக்கால் மணி நேர வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும், அதே பாடத்தோட எழுத்து சில கேபிதான், டக்குன்னு எறங்கிடும்.

சரி, இப்ப கோடுக்கு வருவோம்.

நான் சொன்ன அண்ணனுங்கள்ல ஒருத்தர் எழுதின மாக் டெஸ்ட் ஒண்ணு. கேள்விக்கு நாலு ஆப்ஷன், தொட்டா பச்சையாகும். டாக்பேக்ல என்ன கேட்டுச்சுன்னா விடையப் படிக்குது, டபுள் டேப் பண்ணா ஒரு சத்தமும் இல்ல. பச்சையாச்சுங்கிறது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், "செலக்ட் ஆயிடுச்சு"ன்னு குரலுக்குச் சொல்ல வேண்டியத டெவலப்பர் சொல்லல, ஏன்னா ஒண்ண மட்டும் தேர்ந்தெடுக்கிற வட்ட ரேடியோ பட்டன் அசிங்கமா இருக்குன்னு வெறும் டிவ், அதாவது ஸ்கிரீன் ரீடருக்கு எதுவும் சொல்லாத காலிக் கட்டம், போட்டு டிசைன் பண்ணிட்டாரு. அண்ணன் ஆகலன்னு நெனச்சு திரும்ப டேப் பண்றாரு, அது அன்செலக்ட் ஆயிடுது. தெரிஞ்ச கேள்விக்கே மார்க் போகுது. ஒழுங்கான ரேடியோ பட்டன் போட்டுட்டு அதுக்கு மேல எவ்வளவு வேணா அழகு பண்ணுங்க, யாரும் வேணாங்கல.

அதே டெஸ்ட்ல டைமர். நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருப்பாங்க, பார்வை இல்லாதவங்களுக்கும் நேரம் தெரியணும்னு டைமர ஏரியா லைவ்ல, அதாவது மாறுறப்பல்லாம் ஸ்கிரீன் ரீடர் தானா வாசிக்கிற அமைப்புல, போட்டுட்டாங்க. விளைவு, 29 நிமிஷம் 59 செகண்ட், 29 நிமிஷம் 58 செகண்ட்னு செகண்டுக்கு ஒரு தரம் கேள்விய வெட்டிக்கிட்டே இருக்கு. அண்ணன் போன என்கிட்ட நீட்டி, "தம்பி, நான் கேள்விய கேக்கட்டுமா, இந்தக் கடிகாரத்த கேக்கட்டுமா?"ன்னாரு. பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு தரம், அஞ்சுல ஒரு தரம், கடைசி நிமிஷத்துல ஒரு தரம் சொன்னா போதும், நடுவுல வேணும்னா அவங்களே டைமர் மேல விரல வச்சு கேட்டுக்குவாங்க.

"பொருத்துக" கேள்விய டிராக் அண்ட் டிராப்பா மாத்துறது இப்ப ஃபேஷன். கை நடுக்கம் இருக்கிறவங்க, செரிப்ரல் பால்சி உள்ள பசங்க, வெறும் கீபோர்டு மட்டும் யூஸ் பண்றவங்க எல்லாரும் அங்கயே அவுட். 2023 அக்டோபர்ல வந்த டபிள்யூசிஏஜி 2.2, அதாவது வெப் ஆக்சசிபிலிட்டிக்கான சர்வதேச வழிகாட்டுதல், இழுத்துப் போடுற எதுக்கும் இழுக்காம பண்ற வழி ஒண்ணு வேணும்னு தெளிவா சொல்லுது, தொடுற பட்டன் குறைஞ்சது 24-க்கு 24 பிக்சலாவது இருக்கணும், இல்ல சுத்தி அந்த அளவுக்கு இடைவெளியாவது வேணும்னு சொல்லுது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஒரு டிராப்டவுன் வச்சா வேலை முடிஞ்சுது. வெள்ளைல வெளிர் சாம்பல் எழுத்து போடுறதும் தப்பு லிஸ்ட்லதான், சாதாரண சைஸ் எழுத்துக்கு 4.5:1 கான்ட்ராஸ்ட் வேணும், ஃப்ரீ டூல்லயே பாத்துக்கலாம். இன்னொண்ணு, பக்கத்தோட மொழிய இங்கிலீஷ்னு விட்டுட்டு உள்ள தமிழ்ப் பாடம் போடுறது, சில இங்கிலீஷ் குரல் தமிழ் எழுத்த கண்டுக்காம தாண்டிப் போயிடும், கேக்குறவங்களுக்கு பக்கமே காலின்னு தோணும், பக்கத்தோட மொழி எதுன்னு கோடுல குறிக்கிற ஒரே ஒரு lang ஆட்ரிபியூட் மேட்டர் இது.

எக்ஸாம் செல் பண்றதுக்கு வர்றேன், எனக்கு கோபம் வர்ற ஏரியா. 2018-ல மத்திய அரசு குடுத்த வழிகாட்டுதல்லயே எழுத சிரமம் இருக்கிற தகுதியான தேர்வர்களுக்கு மணிக்கு குறைஞ்சது 20 நிமிஷம் கூடுதல்னு சொல்லியாச்சு, 3 மணி நேர பரீட்சைன்னா முழுசா ஒரு மணி நேரம். ஆன்லைன் டெஸ்ட்னு வந்ததும் "சாஃப்ட்வேர்ல எல்லாருக்கும் ஒரே டைமர்தான் சார், ஆட்டோ சப்மிட் ஆயிடும்"னு கைய விரிச்சிடுறாங்க. மூடுல்ங்கிற ஆன்லைன் படிப்பு சாஃப்ட்வேர்ல தனி ஆளுக்கு நேரம் மாத்துற யூசர் ஓவர்ரைடுன்னு ஒண்ணு உள்ளயே இருக்கு, ரெண்டு கிளிக்கு, ஆனா அத தொட்டுப் பாத்த ஆளே அந்த ஆபீஸ்ல இருக்க மாட்டாங்க. நீங்களே சொந்தமா சாஃப்ட்வேர் எழுதுறீங்கன்னா முதல் நாளே டைமர ஆளுக்கு ஆள் மாத்துற மாதிரி டேட்டாபேஸ்ல வச்சுடுங்க, அப்புறமா சொருகப் போனா நாக்கு தள்ளிடும். கேமரா வச்சு கண்காணிக்கிற ப்ராக்டரிங் இன்னும் மோசம், ஸ்கிரீன பாக்கலன்னு கண்ணு தெரியாதவர எச்சரிக்குது, ஸ்கிரீன் ரீடர் குரல கேட்டு ரூம்ல வேற ஆள் பேசுறாங்கன்னு ஃப்ளாக் போடுது, ஸ்கிரைப் (சொல்லச் சொல்ல எழுதிக் குடுக்கிறவர்) உக்காந்திருந்தா ரெண்டாவது முகம்னு காப்பி கேஸ் ஆக்குது. இத ஆஃப் பண்ணி வைக்க, இல்லன்னா ஃப்ளாக்க மனுஷன் பாத்து முடிவு பண்ண, பரீட்சைக்கு முன்னாடியே ஏற்பாடு வேணும், அன்னிக்கு காலைல ஹெல்ப்லைனுக்கு அடிச்சா ரிங்தான் போகும்.

அப்புறம் ஒரு வரி ஸ்கிரிப்ட் ஒட்டினா சைட்டு முழுக்க ஆக்சசிபிள் ஆயிடும்னு விக்கிறாங்களே ஓவர்லே, ஓரத்துல சக்கர நாற்காலி பொம்மையோட வருமே, அத நம்பி காசு போடாதீங்க. ஒழுகுற ஓட்டு வீட்டுக்கு வெளிச்சுவர்ல பெயிண்ட் அடிக்கிற வேலை அது. அப்படி ஏஐ வச்சு எந்த சைட்டையும் சரி பண்ணிடுவோம்னு விளம்பரம் பண்ண ஆக்சஸிபிங்கிற கம்பெனிய அமெரிக்காவோட வர்த்தக ஆணையம் எஃப்டிசி 2025-ல 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லுச்சு. சைட்ட தானா செக் பண்ணி மார்க் போடுற லைட்ஹவுஸ் டூல்ல 100 வாங்கிட்டோம்னு ஸ்கிரீன்ஷாட் போடுறதும் ஏறக்குறைய அதே கதைதான், ஆல்ட் டெக்ஸ்ட் இருக்கான்னுதான் டூல் பாக்கும், அதுல "படம் 3"ன்னு இருந்தாலும் பாஸ் போட்டுடும்.

சட்டம் கட்டாயப்படுத்தலையேன்னு கேக்குற மேனேஜருங்களுக்கு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைய சொல்லுது, அதுல பார்வை, செவி மட்டும் இல்ல, டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடும் இருக்கு, எலக்ட்ரானிக் மீடியாவுல உள்ளடக்கம் எல்லாருக்கும் எட்டணும்னு 42-வது பிரிவு சொல்லுது. 2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரி வழக்குல சுப்ரீம் கோர்ட், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையா இருக்கக்கூடாது, கட்டாயமா இருக்கணும்னு சொன்னுச்சு, 2025 ஏப்ரல்ல டிஜிட்டல் அணுகல் அரசியல் சட்டம் 21-வது பிரிவோட வாழ்வுரிமைல சேர்ந்ததுன்னே தீர்ப்பு வந்துடுச்சு. இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாது.

கடைசியா டெஸ்டிங், என் வேலைங்கிறதால கொஞ்சம் இழுக்குறேன். டெவலப்பரே கண்ண மூடிக்கிட்டு டாக்பேக் ஓட்டிப் பாக்குறது ஆரம்பத்துக்கு சரி, ஸ்கிரீன்ல எங்க எது இருக்குன்னு மனசுல மேப் இருக்கிறவன் எப்படி டெஸ்ட் பண்ணாலும் பாஸ் ஆயிடும். தினமும் யூஸ் பண்றவங்கள கூப்பிடுங்க, கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்து போட்டோ எடுத்து லிங்க்டின்ல போட்டு அனுப்பாதீங்க, மணிக்கு இவ்வளவுன்னு பேசி காசு குடுங்க, மத்த டெஸ்டருக்கு குடுக்கிறீங்கல்ல. லேப்டாப்புக்கு என்விடிஏ ஃப்ரீதான், காசு குடுத்து வாங்குற ஜாஸ் ஸ்கிரீன் ரீடர் லைசென்ஸ் இல்லையேன்னு சாக்கு வேணாம். ரிலீஸுக்கு முன்னாடி ஒரு தரம் கூப்பிட்டா பத்தாது, ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் கூப்பிடணும், ஏன்னா போன மாசம் பேசின பட்டன் புது டிசைன்ல ஊமையாயிடும். அந்த டைமர் அண்ணன் இதுக்குன்னே பிளே ஸ்டோர்ல ஆட்டோ அப்டேட்ட ஆஃப் பண்ணி வச்சிருக்காரு, புது வெர்ஷன் வந்தா முதல்ல குரூப்ல வேற யாராவது போட்டுப் பாத்து "பேசுது, போடலாம்"னு வாய்ஸ் மெசேஜ் அனுப்பணும், அப்புறம்தான் இவரு டச் பண்ணுவாரு. உங்க டேஷ்போர்டுல பழைய வெர்ஷன்லயே நிக்கிற ஆளுங்க சில பேர் தெரிஞ்சா அதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம், ரிலீஸ் நோட்ல "பக் ஃபிக்ஸ்"னு மொட்டையா போடாம டாக்பேக்ல எது மாறியிருக்குன்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க.