மெக்கின்னியில் புது வீடு வாங்கப் போகிறீர்களா? வரிக் கணக்கை முதலில் பாருங்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸிலிருந்து வடக்கே 30 மைல் போனால் மெக்கின்னி, காலின் கவுண்டியின் தலைமை ஊர். 2000-இல் 54 ஆயிரம் பேர் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி 1 லட்சத்து 95 ஆயிரம் பேர். நம் ஆட்களும் ஏராளம். ஃபிரிஸ்கோ ஆஞ்சநேயர் கோயிலில் சனிக்கிழமை போய் நின்றால் தெரிந்த முகம் நாலாவது தென்படும்.

காரில்லாமல் இங்கே காலம் தள்ள முடியாது. டல்லாஸ் பகுதியின் டார்ட் ரயில் தெற்கே பிளேனோ ஊரின் பார்க்கர் ரோடு நிலையத்தோடு சரி. டெக்சாஸ் லைசென்ஸை 90 நாளுக்குள் எடுத்துவிடுங்கள். மெக்கின்னி முகவரி என்றால் மெக்கின்னி பள்ளிதான் என்றில்லை. தெருவைப் பொறுத்து ஃபிரிஸ்கோ, பிராஸ்பர், ஆலன் என்று மாறும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாநில வருமான வரி கிடையாது என்று எல்லோரும் சந்தோஷமாகச் சொல்வார்கள். அதையெல்லாம் சொத்து வரியில் வாங்கிவிடுவார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சியில் கட்டுவோமே, அந்த அளவை நினைத்துக்கொண்டு வராதீர்கள். வீட்டு மதிப்பில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம், வருடா வருடம்.

என் நண்பர் 5 லட்சம் டாலருக்குப் புது வீடு வாங்கினார். வரி போடுவது ஜனவரி 1 அன்று இடம் எப்படி இருந்ததோ அதற்கு. அன்று அங்கே வெறும் மனைதான், அதனால் முதல் வருட வரி 2,000 டாலர் சொச்சம். இங்கே பெரும்பாலும் வீட்டுக் கடன் தவணையோடு சொத்து வரியையும் வங்கியே பிடித்துக் கட்டும். அந்த 2,000-ஐ வைத்தே வங்கி மாதத் தவணையைப் போட்டது. அடுத்த வருடம் வீட்டுக்கும் சேர்த்து 8,000 வந்தது. அதுவரை குறைவாகப் பிடித்ததையும் வங்கி சேர்த்து வசூலிக்க, தவணை மாதம் 1,000 டாலர் எகிறியது. விற்ற ஏஜென்ட் "வழக்கம்தானே சார்" என்றாராம். வழக்கம் என்றால் கையெழுத்துக்கு முன்னால் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஆகவே, கட்டி முடித்த வீட்டின் முழு மதிப்புக்கு வரி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மட் (MUD, தண்ணீர், கழிவுநீர் வசதிக்கான வரி), பிட் (PID, அந்தப் பகுதியின் மேம்பாட்டுக்கான கட்டணம்) என்று கூடுதலாக ஏதும் உண்டா என்றும் கேளுங்கள். புது லேஅவுட்களில் அது சகஜம். தவணை குறைவாக வந்தால் மிச்சத்தை நீங்களே தனியாக எடுத்து வையுங்கள்.

குடியேறியதும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு, அதாவது சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான சொத்து வரிச் சலுகைக்கு, வீட்டு மதிப்பைக் கணிக்கும் காலின் அப்ரைசல் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். விசாவில் இருப்பவருக்கும் உண்டு. லைசென்ஸில் அந்த வீட்டு முகவரியே இருக்க வேண்டும். இதற்குக் காசு கிடையாது. "நாங்கள் செய்து தருகிறோம், இத்தனை டாலர்" என்று அரசுக் கடிதம் மாதிரியே தபால் வரும், கிழித்துப் போடுங்கள். அந்த அலுவலகம் போட்ட வீட்டு மதிப்பு அதிகம் என்று பட்டால் பொதுவாக மே 15-க்குள் ஆட்சேபிக்கலாம்.

அப்புறம், இங்கே மண்ணும் கரிசல்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கோடையில் வெடிக்கும். அஸ்திவாரத்தைச் சுற்றி சொட்டுக் குழாய் போட்டு ஈரம் காக்காவிட்டால் சுவரில் விரிசல் விடும்.