எழுத்து வந்துவிட்டது, பேர் வரவில்லையா? புதுப்பேர் கட்டும் முறை

மகள் பிறந்ததும் சாத்திரியார் தந்த துண்டில், பேருக்கு முதலெழுத்தாக 'ந, நி, நு, நே' என்று இருந்தது. அனுஷ நட்சத்திரம். இரண்டாம் பாதம் என்பதால் 'நி' உசிதம் என்று கீழே கோடு வேறு போட்டிருந்தார். அதிர்ஷ்டக்காரர்கள் நாங்கள். அத்த நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளைக்கு 'பூ, ஷ, ண, ட' வரும். ண-வும் ட-வும் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்தாக வரவே வராது. நம்மூர் வகுப்பறைகளில் டகர, ஷகரப் பேர்கள் இத்தனை பெருகியதில் இந்தத் துண்டுக்கும் பங்குண்டு.

யாருக்கும் இல்லாத பேராக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு, திருகோணமலையில் நாங்கள் செய்து பார்த்த வழி இது.

1. முதலில், தாய் தகப்பன் பேரை வெட்டி ஒட்டாதீர்கள்.
எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். தகப்பன் சிவகுமார், தாய் ராஜினி என்றால் 'சிராஜி', 'குமாஜினி' என்று ஏதோ ஒன்று வரும். கேட்கப் புதுசாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே சொல் இல்லாத பேரை, கேட்கிறவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதிவிடுவார். என் பேரே அப்படி ஒட்டியதுதான். பிறப்புச் சான்றிதழில் 'ஷ', பள்ளிக்கூடத்தில் 'ச', அடையாள அட்டையில் இரண்டும் இல்லாத ஒன்று. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்தே எனக்கு அலுத்துவிட்டது.

2. ஒரு வேர்ச்சொல் தேடுங்கள்.
தூரம் போகத் தேவையில்லை. கோணேசர் கோவிலில் ஓதுகிற சம்பந்தர் பதிகத்தையே எடுங்கள். கோணமலைக் கடலின் ஓதம் நித்திலத்தைக் கொழித்து ஒதுக்குவதாக அதில் வரும். ஓதம் என்றால் அலை, நித்திலம் என்றால் முத்து. ஒரே வரியில் இரண்டு வேர்.

எனக்கு முதலில் பிடித்தது ஓதம்தான். 'நி' என்கிற எழுத்தை விட்டாலும் பரவாயில்லை, 'ஓதினி' என்று வைப்போம் என்றேன். அம்மம்மா வெற்றிலையை வாயில் வைத்தபடியே சிரித்தா. "ஓதம் எண்டா என்ன வருத்தம் எண்டு தெரியுமோ?" அகராதியைத் திறந்தால் கடல், அலை, ஈரம் எல்லாம் சொல்லிவிட்டு அண்டவாதமும் அதே சொல்தான் என்றிருந்தது. பொம்பிளைப் பிள்ளைக்கு விரைவீக்கத்தில் பேர்! எனவே இந்தப் படியின் விதி: அகராதியில் முதல் பொருளோடு நிற்காமல் கடைசிப் பொருள்வரை வாசியுங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். அகராதியில் இல்லாததும் அவர்களுக்குத் தெரியும்.

3. வால் வையுங்கள்.
இது சுலபம். ஆண் என்றால் -அன், பெண் என்றால் -இ, -ஐ, -னி. நித்திலா முன்பே புழக்கத்தில் இருக்கிற பேர். நாங்கள் 'நித்திலி' என்று முடித்தோம்.

4. மூன்று மொழியிலும் ஓடவிடுங்கள்.
நம் ஊரில் பேர் ஒரு நாளில் மூன்று மொழிக்குள் போய் வரும். சிங்களத்தில் ழகரத்துக்கு எழுத்தில்லை, எனவே யாழினி அங்கே போனால் யாலினியாகவோ யாளினியாகவோதான் திரும்புவாள். ஆங்கிலத்திலோ ஒரே யாழினிக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல். ழகரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் அது பிடித்த எழுத்துத்தான். தெரிந்து வையுங்கள், அவ்வளவுதான்.

பொருளையும் பாருங்கள். கோணேஸ்வரனைச் செல்லமாகக் 'கோணா' என்றால் சிங்களக் காதுக்கு அது மரை என்கிற பெரிய மான். (திருகோணமலைக் கோட்டைக்குள் திரிவது புள்ளிமான் என்பது வேறு விஷயம்.) சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் பேரைச் சொல்லிக் காட்டி, அவரையே எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். போன பேரே திரும்பி வந்தால் சரி.

5. முதலெழுத்தோடு எழுதிப் பாருங்கள்.
தகப்பன் பேர் முன்னால் வருகிற வழக்கம் நமக்கு. தகப்பன் ஆனந்தன், மகள் மையா. தனித்தனியே நல்ல பேர்கள்தான். வகுப்பு இடாப்பில் சேர்த்து எழுதினால் 'ஆ. மையா'. பள்ளிக்கூடம் முடியும்வரை அந்தப் பிள்ளை ஆமைதான்.

அப்புறம் உரத்துக் கூப்பிட்டுப் பாருங்கள். நான் உப்புவெளிக் கடற்கரையில் பின்னேரம் நின்று "நித்திலீ..." என்று கத்திப் பார்த்தேன். காற்றிலும் 'லீ' இழுபட்டது, போதும். திரும்பிப் பார்த்த சனத்துக்கு என்ன விளங்கியதோ தெரியாது.

6. பதிவு.
பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. 31ஆம் நாள் துடக்கு (தீட்டு) கழித்துப் பேர் வைக்கிற வீடுகளுக்கு மிச்சம் இருப்பது 11 நாள்தான். கடைசி நாளில் ஓடாதீர்கள். பேரைத் தமிழிலும், நீங்கள் முடிவு செய்த ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு போங்கள், வாயால் சொல்லாதீர்கள். எங்களுக்கு 'த்தி'க்கு ஆங்கிலத்தில் டி, எச் ஒருமுறையா இருமுறையா என்று வீட்டிலேயே ஒரு சண்டை நடந்தது. ஒருமுறை என்று தீர்த்தோம். கையெழுத்துப் போடமுன் எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பின்னால் நிற்கிறவர் பெருமூச்சு விட்டாலும் வாசியுங்கள்.

அப்பம்மாவுக்கு இன்னும் நித்திலி வாயில் வரவில்லை. 'முத்து' என்றுதான் கூப்பிடுகிறா. நித்திலமும் அதுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.