செக்-இன் பெட்டிக்குப் பூட்டு போடுவது கடைசி வேலை

விமானத்தில் போகப்போகிறோம் என்றதும் பலர் முதலில் கவுன்டரில் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டிக்கு நல்ல பூட்டாகத் தேடுவார்கள். பூட்டு வேண்டும்தான், ஆனால் அதற்கு முன்னால் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் பெட்டிக்குள் போகக்கூடாததைப் பிரித்து வையுங்கள். நகை, பணம், பாஸ்போர்ட், தினசரி மருந்து, லேப்டாப், கேமரா, வீட்டுச் சாவி எல்லாம் கைப்பையில். இந்த மாதிரிப் பொருட்களுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று பல விமான நிறுவனங்கள் தங்கள் விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன, டிக்கெட் வாங்கும்போது நாம்தான் படிப்பதில்லை. பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் வரவேண்டும், தீப்பிடிக்கும் அபாயம் காரணம்.

அப்புறம் ஜிப்பைப் பாருங்கள். பூட்டைவிட இதுதான் முக்கியம். சாதாரண ஜிப்பின் பற்களுக்கு நடுவே ஒரு பால்பாயின்ட் பேனா முனையை அழுத்தினால் போதும், பிளந்துகொள்ளும், பூட்டைத் தொடவே வேண்டாம். வேண்டியதை எடுத்துக்கொண்டு, பூட்டோடு சேர்ந்தே இருக்கும் இரண்டு இழுப்பான்களையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை ஓட்டினால் ஜிப் பழையபடி மூடிக்கொள்ளும், நீங்கள் வீட்டுக்குப் போய்த் திறக்கும்வரை எதுவும் தெரியாது. அதனால் இழுப்பான்களைப் பெட்டியின் கைப்பிடியோடோ பெட்டியில் பதித்த வளையத்தோடோ சேர்த்துப் பூட்டுங்கள். பிளப்பதை இது தடுக்காது, ஆனால் இழுப்பான் நகராததால் திரும்ப மூட முடியாது, பெட்டி கைக்கு வந்ததுமே தெரிந்துவிடும். புதுப் பெட்டி வாங்குவதாக இருந்தால் ஜிப்பே இல்லாமல் கொக்கியால் மூடும் கெட்டிப் பெட்டியை எடுங்கள், கொஞ்சம் கனம்தான், பரவாயில்லை.

இப்போது பூட்டு. டிஎஸ்ஏ (அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பு) ஏற்ற பூட்டு என்றால் அதன் அதிகாரிகளிடம் அதற்குப் பொதுச் சாவி உண்டு, உடைக்காமல் திறந்து பார்ப்பார்கள். மற்ற பூட்டு என்றால் அவர்கள் வெட்டிவிடக்கூடும். ஆனால் 2014இல் அந்தச் சாவிகளின் புகைப்படம் ஒரு செய்தித்தாளில் வந்து, 2015இல் அதை வைத்து யார் வேண்டுமானாலும் முப்பரிமாண அச்சில் சாவி செய்யும் அளவுக்குப் போய்விட்டது. எனவே அதை நம்பி நகையை உள்ளே வைக்காதீர்கள்.

பழைய பயணத்தின் டேக், சின்ன பார்கோடு ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கிழித்து எடுங்கள். அவை இருந்தால் ஸ்கேனர் குழம்பி பெட்டி வேறு ஊருக்குப் போகலாம். பெயரும் போன் நம்பரும் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று (வெளியே இருப்பது பிய்ந்துபோகும்). வீட்டு முகவரி வெளியே வேண்டாம், வீட்டில் ஆள் இல்லை என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். மூடுவதற்கு முன் ஒரு போட்டோ, மூடிய பின் ஒன்று.

கவுன்டரில் டேக் ஒட்டியதும் அதிலுள்ள மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடு நீங்கள் போகும் ஊருடையதுதானா என்று அங்கேயே பாருங்கள். கையில் கொடுக்கும் துண்டில் 10 இலக்க எண் இருக்கும், பெட்டியைத் தேட அதுதான் வேண்டும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியபின் பெட்டி வரவில்லை, அல்லது ஜிப் பிளந்திருக்கிறது என்றால் வெளியே போவதற்கு முன்பே லக்கேஜ் கவுன்டரில் புகார் எழுதி, அதன் எண்ணை வாங்கிவிடுங்கள். விமான நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் 1999 மான்ட்ரியல் சர்வதேச ஒப்பந்தம் பொருந்தும் சர்வதேசப் பயணம் என்றால் சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்து 7 நாளுக்குள், தாமதத்துக்கு 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், வாயால் சொன்னது கணக்கில் வராது.