மொறிஸ் மைனரா, ஒஸ்ரின் ஏ40 சொமர்செற்றா: வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் ஆகிய இவ்விரண்டு பழைய பிரித்தானியக் கார்களில் ஒன்றைச் சேகரிப்புக்காக வாங்க எண்ணுபவர், எஞ்சினை இயக்கிக் காட்டும்படி முதலில் கேட்காமல், காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும். எஞ்சினைத் திருத்திவிடலாம், உப்புக்காற்றில் ஏறிய கறளை அவ்வளவு எளிதில் திருத்த முடியாது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனருக்குத் தனிச் சேசி (உடலைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே கதவுகளுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதியும், பின்புற வில்லுத்தகடுகள் பொருந்தும் இடங்களும் கறள் பிடித்திருந்தால், பளபளக்கும் பெயின்ற்றைக் கண்டு மயங்கக் கூடாது. சிறிய காந்தம் ஒன்றை அவ்விடங்களில் வைத்துப் பாருங்கள்; அது ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாக, கறளை மறைக்க அப்பிய நிரப்புப் பசையே இருக்கிறது. 1952 முதல் 1954 வரை மட்டுமே தயாரிக்கப்பட்ட சொமர்செற்றின் உடல் தனிச் சேசியின் மீது அமர்ந்திருப்பதால், சேசி நல்ல நிலையில் இருந்தால் உடலின் கறளைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் முன்புறக் குரோமியப் பட்டிகளோ பொனற்றின் மேலுள்ள சின்னமோ தொலைந்திருந்தால் மாற்றுத் தேடுவது பெரும்பாடு. மைனருக்கு இத்தொல்லை குறைவு: அதன் உதிரிப்பாகங்கள் பிரித்தானியாவில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன, ஒருகாலத்தில் இலங்கையிலேயே அதன் உடற்தகடுகள் செய்யப்பட்டு அங்கு ஏற்றுமதியாயின.

எஞ்சினைப் பொறுத்தவரை, போர்க்காலத்தில் பெற்றோலுக்கும் இருந்த பொருளாதாரத் தடையின்போது அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியதா என்று கட்டாயம் கேளுங்கள். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிச் சென்று எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்வதால், அதன் பின்னர் சிலிண்டர்கள் கடைந்து திருத்தப்படாத எஞ்சினில் தேய்மானம் மிகுந்திருக்கும். நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து பார்ப்பதே நம்பகமான வழி. மைனரில் 1956 முதல் வந்த 948 சிசி, 1962 முதல் வந்த 1098 சிசி எஞ்சின்களே இன்றைய வீதிக்கு ஏற்றவை. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த முந்தைய மைனர் அழகுதான், ஆயினும் அதன் 918 சிசி அல்லது 803 சிசி எஞ்சினுக்குப் பொறுமை வேண்டும். சொமர்செற்றின் 1200 சிசி எஞ்சின் இழுவையில் தாராளமானது. ஸ்ரேறிங் தண்டிலுள்ள கியர்த்தடியின் இணைப்புகள் தேய்ந்து தளர்ந்துள்ளனவா என்று மட்டும் ஓட்டிப் பாருங்கள். மைனரை ஓட்டுமுன் முன்சில்லுகளை ஜக்கில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். முன்சில்லைத் தாங்கித் திருப்பும் கீழ்முட்டு கிறீஸ் காணாமல் தேய்ந்து கழன்றால் சில்லு மடிந்துவிடும்.

அடிக்கடி ஓட்ட விரும்புபவருக்கு மைனரையும், அரிய பொருளாகப் பேண விரும்புபவருக்கு உறுப்புகள் குறையாத சொமர்செற்றையும் பரிந்துரைப்பேன். எதுவாயினும், எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் பதிவுப் புத்தகத்துடன் பொருந்த வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விற்பவரே அதைத் திருத்திப் பதிந்து தந்த பின்னர்தான் முற்பணம் கொடுக்க வேண்டும்.