பழைய மில் போட்டோ எந்தக் காலத்தது? கண்டுபிடிக்கும் வழி

கோவை மில் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படம், அல்லது பழைய கடைவீதிப் படம் கையில் கிடைக்கிறது. தேதி கிடையாது. வருடத்தை நேராகத் தேடாதீர்கள். ‘இதற்கு முன்னால் எடுத்திருக்க முடியாது’, ‘இதற்குப் பின்னால் எடுத்திருக்க வாய்ப்பில்லை’ என்று இரண்டு எல்லைகளைத் தேடுங்கள். அவற்றை நெருக்கிக்கொண்டே வருவதுதான் வேலை.

படி 1: ஸ்கேன்

600 டிபிஐ-யில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் பின்னால்தான் இருக்கும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. சட்டத்தின் கண்ணாடியில் படம் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

படி 2: எழுத்துகளைப் படியுங்கள்

பெரிதாக்கிப் பார்த்து, கண்ணில் படும் எழுத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். டீக்கடைப் பலகையில் விலை ‘ந.பை.’ என்றிருந்தால் அதிர்ஷ்டம்தான். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். 1964 ஜூனில் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. முகவரியில் 641 என்று தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. ‘மாநகராட்சி’ என்றிருந்தால் 1981 அல்லது அதற்குப் பிறகு.

‘பஞ்சாலை’ என்ற பெயர்ப்பலகையில் ‘லை’யைக் கவனியுங்கள். மேலே தும்பிக்கை போல வளைந்த பழைய வடிவமா, இன்றைய வடிவமா? அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது 1978-இல். புதிய வடிவம் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பழைய வடிவத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். பல பெயிண்டர்கள் அதற்கப்புறமும் கை பழகியபடியே எழுதினார்கள். ஒருமுறை எழுதிய பலகையை யார் மாற்றுகிறார்கள்?

சுவரில் சினிமா போஸ்டர் இருந்தால் வேலை பாதி முடிந்தது. ஆனால் பழைய படத்தை மறுபடி ஓட்டுவதும் உண்டு. அதனால் வெளியான வருடம் முன் எல்லை மட்டுமே.

படி 3: கூரையும் புகைபோக்கியும்

கோவையின் முதல் பஞ்சாலையான ஸ்டேன்ஸ் மில் 1888-இல் நீராவிக் காலத்தில் எழுந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது 1930-களின் தொடக்கத்தில். அதற்கப்புறம் மில்கள் மளமளவென்று பெருகின. பெரிய மில்லுக்குப் புகைபோக்கியே இல்லையென்றால் மின்சாரக் காலமாக இருக்கலாம். இருந்தால் எதுவும் உறுதியில்லை, பழையதை இடிக்காமல் விட்டிருப்பார்கள்.

ரம்பப்பல் கூரை தெரிந்தால் விடாதீர்கள். நேர் வெயில் தறிமேல் படாமலிருக்க அதன் கண்ணாடிப் பக்கத்தை வழக்கமாக வடக்கு நோக்கி வைப்பார்கள். ஆக, திசை கிடைத்துவிட்டது. இப்போது நிழலைப் பாருங்கள். சித்திரையிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை கோவையில் உச்சிச் சூரியன் சற்று வடக்கே இருக்கும். நண்பகல் நிழல் நன்றாக நீண்டு வடக்கே விழுந்திருந்தால் அந்த மாதங்களை அடித்துவிடலாம்.

படி 4: விசாரியுங்கள்

படத்தை ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்களிடம் காட்டுங்கள். ‘இது எந்த வருஷம்?’ என்று கேட்டால் திணறுவார்கள். ‘இந்த கேட் இருந்தப்போ நீங்க எந்த ஷிப்ட்ல இருந்தீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள்.

படி 5: குறிப்பு எழுதுங்கள்

உறுதியானதையும் ஊகத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். இப்படி: ‘கோவை, மில் வாயில். 1957 ஏப்ரலுக்குப் பின் (விலைப்பலகை). 1960-களின் நடுப்பகுதிக்குள் இருக்கலாம் (ஊகம்).’ கோப்பின் பெயரிலும் இரண்டு எல்லைகளைப் போட்டுவிடுங்கள்: கோவை-மில்வாயில்-1957-1965.