தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா?

வேலைக்காக ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் குடிவரும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைப் பலகை தமிழில் இருக்கும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் பேசுவது கிட்டத்தட்ட நம் பேச்சாகவே இருக்கும், மாரியம்மன் கோயிலில் திருவிழா நடக்கும். அதையெல்லாம் பார்த்து இது நம்ம ஊர்தானே என்று நினைத்துவிடாதீர்கள். இது வேறு நாடு, அதற்குத் தயாராகத்தான் வரவேண்டும்.

வீடு பார்க்கும்போது முன்பக்கக் காட்சியில் மயங்காமல் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மண்ணை வெட்டிய செங்குத்துச் சரிவு சுவரை ஒட்டி நிற்கிறதா, தடுப்புச் சுவர் உண்டா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று வீட்டுக்காரரிடமும் கேளுங்கள், பக்கத்து வீட்டிலும் கேளுங்கள். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல இடங்களில் மலை சரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பகுதிவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும், மழை விடாமல் பெய்தால் அதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தரையில் புதிதாக வெடிப்பு விழுகிறது, மரம் சாய்கிறது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குகிறது என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் (நம் ஊரில் பேரிடர் மேலாண்மை என்போம்) எண் 117. ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை நல்ல மழை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் வருடக் கடைசியில்தான் கொட்டும். எந்தப் பக்கம் குடிபோகிறீர்களோ அதைப் பொறுத்துத் துணி காயவைக்க வழி பாருங்கள்.

சமையலறையில் முதல் தலைவலி இட்லி மாவு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி, பிப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும், அந்தக் குளிரில் மாவு ராத்திரி முழுக்க வைத்தாலும் அப்படியே கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள், உளுந்தோடு கொஞ்சம் வெந்தயம் சேருங்கள், கையால் நன்றாகக் கலந்து பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்படியும் ராத்திரி அரைத்தால் மறுநாள் சாயங்காலம்தான் பொங்கும், எனவே நாளைக் காலை இட்லிக்கு இன்று காலையிலேயே அரைத்துவிட வேண்டும். அதுவரை இந்த ஊர்க்காரர்கள் மாதிரி கோதுமை மாவு ரொட்டியும் கட்டச் சம்பலும் (மிளகாய், வெங்காயம் இடித்த காரத் துவையல்) செய்து பாருங்கள், குளிருக்கு அவ்வளவு நன்றாக இருக்கும். நம் ஊர் மாதிரி காலையில் பாக்கெட் பால் வாங்கும் பழக்கம் இங்கே குறைவு, பெரும்பாலான வீடுகளில் பால்மா, அதாவது பால் பவுடர்தான். காய்கறிக்குக் கவலையே வேண்டாம், கேரட், லீக்ஸ் (வெங்காயத்தாள் மாதிரி, தடியாக இருக்கும்), கோவா (முட்டைக்கோஸ்), பீட்ரூட் எல்லாம் தோட்டத்திலிருந்து நேராக வருகிறது.

பணத்துக்கும் ரூபாய் என்றுதான் பெயர், ஆனால் மதிப்பு வேறு, இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் வரும். முதல் சில வாரம் எல்லா விலையையும் மனதில் மாற்றிக் கணக்குப் போடுவீர்கள், பிறகு சரியாகிவிடும். 2024 பிப்ரவரியில் யுபிஐ இங்கேயும் வந்தது என்றாலும் சின்னக் கடைகளில் கையில் காசு வேண்டும். விசா புதுப்பிக்கும் தேதியைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் நீங்களே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்வது, அக்கம்பக்கத்தாரைப் பற்றி. இங்குள்ள மலையகத் தமிழர்களின் முன்னோர்கள் 1820களிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களை விட்டு வந்தவர்கள். காப்பியும் அப்புறம் தேயிலையும் வளர்ந்தது அவர்கள் உழைப்பில். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பிரித்துக்கொண்டன, அவர்களை யாரும் கேட்கவில்லை. அண்ணன் கோத்தகிரியிலும் தங்கை இங்கேயுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 2003 சட்டம் வரவேண்டியிருந்தது. ஆகவே பார்த்தவுடன் "நீங்க இந்தியாவுல எந்த ஊரு?" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்களுடைய ஊர் இதுதான், அதற்காக எத்தனையோ பட்டிருக்கிறார்கள். மலையகத் தமிழர் என்றே சொல்லுங்கள். பூர்வீகத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பழகிய பிறகு அவர்களே ஆரம்பிப்பார்கள். லயன் பக்கம் போனால் போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள், அது அவர்கள் குடியிருக்கும் வீடு. கொழுந்து எடுக்கப் போகும் அக்காமாருக்குக் காலையில் நேரமே இருக்காது, சாயங்காலம் போய்ப் பேசுங்கள், ஒரு பிளேன்டீ (பால் விடாத தேநீர்) குடிக்காமல் உங்களை விடமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். சிங்களம் சீக்கிரம் பழகட்டும், தமிழ் தெரிந்தால் போதும் என்று விடாதீர்கள். டவுனிலும் ஆபீஸிலும் தேவைப்படும், இங்கே தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகளும் சிங்களம் படிக்கிறார்கள். இன்னொன்று, தேயிலை மலைக்குள் விளையாடப் போகும்போது குளவிக் கூட்டைக் கண்டால் கல் எறியாமல் திரும்பி வந்துவிட வேண்டும். குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது இங்கே அடிக்கடி நடக்கிறது, உயிரும் போயிருக்கிறது.

ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, வங்கி கிடையாது, இறைச்சிக் கடை மூடியிருக்கும். சித்திரைப் புத்தாண்டுக்குப் பல கடைகள் சில நாள் திறக்காது, முன்கூட்டியே வாங்கி வையுங்கள். டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகும் சீசன், ஹட்டன், மஸ்கெலியா வழியில் வார இறுதிப் பயணத்தைத் தவிர்க்கலாம்.

அவசரத்துக்கு 1990, சுவசெரிய ஆம்புலன்ஸ், இலவசம். தோட்டப் பக்கம் குடியிருந்தால் வீட்டு எண்ணை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), பக்கத்துக் கோயில் அல்லது தேயிலைத் தொழிற்சாலை, இந்த மூன்றையும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.